வெந்த புண்ணும் வெள்ளிக் களிம்பும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருவீதியில், காரைதீவை அடையுமுன் அமைந்துள்ள ஊர் சாய்ந்தமருது. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் இடையில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் முற்றங்களிற் கஞ்சிக் கிடாரங்கள் கொதிக்கும். பாத்திரம் ஏந்திய பிள்ளைகள் வரிசையில் நிற்பர். வீடுகளிலோ, மஃரிப் பாங்குக்கு முந்திய அரைமணி நேரம் அடுப்படியிற் பரபரப்பு மிகுந்த நேரம். எண்ணெய்ச் சட்டியும், தேநீருக்கு வைத்த சுடுநீரும், அவற்றினூடே ஓடித் திரியும் குழந்தையும் ஓரிடத்திற் கூடும் வேளை அது. அவ்வேளையில் ஒரு பாத்திரம் சரிந்தால் யாது நிகழும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அதன்பின் வீட்டார் முதலில் எதை எடுத்துப் பூசுகின்றனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பற்பசை என்பார் ஒருவர். முட்டையின் வெள்ளைக் கரு என்பார் மற்றொருவர். தேங்காயெண்ணெய், மஞ்சள், பேனா மை, தேயிலைத் தூள், சாம்பல் என அயல் வீடுகளிலிருந்து ஆலோசனைகள் வந்து குவியும். எல்லாம் அன்பினால் வருவனவே. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் அந்த நேரத்துக்கு உரியதன்று. எண்ணெயும் பசையும் சூட்டை உள்ளேயே தேக்குகின்றன. முட்டையிலும் சாம்பலிலும் கிருமிகள் இருத்தல் கூடும். மையும் மஞ்சளும் தோலின் நிறத்தை மறைத்துவிடுதலால், புண்ணின் ஆழத்தை வைத்தியர் கணித்தற்கு இயலாமற் போகின்றது. அந்த நேரத்துக்கு உரியது வீட்டுக் குழாய் நீர் ஒன்றே. வெந்த இடத்தின்மேல் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். சம்பவம் நிகழ்ந்து மூன்று மணி நேரத்துக்குள் இதனைச் செய்தாலும் பயனுண்டு. பனிக்கட்டி மட்டும் ஆகாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்த ஓட்டத்தைக் குறைத்து, புண்ணை இன்னும் ஆழமாக்கும். இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ராஸி என்னும் பேரறிஞரே வெந்த புண்ணுக்குக் குளிர்நீரைப் பரிந்துரைத்தவர்.

நீர் ஊற்றி ஆறிய பின்னர்தான் கிருமிகளின் கதை தொடங்குகின்றது. நெருப்புப் பட்ட கணத்தில் தோலின் மேற்பரப்பிலுள்ள கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. ஆதலால் முதல் நாளிற் புண் ஏறத்தாழத் தூய்மையாகவே இருக்கும். ஆயின் வியர்வைச் சுரப்பிகளின் அடியிலும் மயிர்க்கால்களின் அடியிலும் ஒதுங்கிப் பிழைத்தவை, ஏறக்குறைய 48 மணி நேரத்துக்குள் மேலே வந்து பெருகத் தொடங்குகின்றன. ஸ்டெபிலோகொக்கஸ் அவற்றுள் முதன்மையானது. ஐந்து நாள், ஏழு நாள் கழியும்போது, நோயாளியின் குடலிலிருந்தும், பிறருடைய கைகளிலிருந்தும், ஈரமான தொட்டி குழாய்களிலிருந்தும் வேறொரு கூட்டம் வந்து சேர்கின்றது. சூடோமோனாஸ் என்னும் கொடிய கிருமி அக்கூட்டத்தைச் சேர்ந்தது. கட்டை அவிழ்த்ததும் பச்சை நிறமும் ஒருவகை இனிய நாற்றமும் தோன்றினால், தாதியர் அதனை உடனே ஐயுறுவர்.

கிருமியைக் கொல்ல ஊசி மருந்து உண்டே, பூசுமருந்து எதற்கு என்று கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. ஆழமாக வெந்த தோல் உயிரற்ற ஒரு பட்டையாகப் புண்ணின்மேல் ஒட்டிக் கிடக்கின்றது. அதனுள் இரத்தக் குழாய்கள் எரிந்து அடைபட்டுவிட்டன. ஊசி வழியாக இரத்தத்திற் கலந்த மருந்து, இரத்தமே செல்லாத இடத்துக்கு எவ்வாறு செல்லும்? கிருமிகளுக்கோ அந்தப் பட்டை ஈரமும் உணவும் நிறைந்த விளைநிலம். உள்ளிருந்து எட்டாத மருந்தை வெளியிலிருந்து இடுவதே வழி. கிருமி வரும் என்ற அச்சத்தால் எல்லோருக்கும் முன்கூட்டியே அன்டிபயோட்டிக் மாத்திரை கொடுப்பதை இன்றைய வைத்தியம் ஏற்பதில்லை. அதனால் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் வளர்வதே பெரும்பாலும் கண்ட பலன்.

இந்த வெளிமருந்தைத் தேடிய வரலாறு தவறுகளும் நிறைந்தது. 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்வர்ட் டேவிட்சன் என்பவர் டனிக் அமிலத்தைப் பூசும் முறையைப் பரப்பினார். தேயிலைச் சாயத்துக்குத் துவர்ப்பைத் தருவதும் இவ்வகைப் பொருளே. அது புண்ணின்மேல் இறுகிய தோல்போலப் படிந்தது, கண்டோர் வியந்தனர். பின்னர் அது ஈரலைக் கெடுப்பது தெரியவந்தது, 1940களிற் கைவிடப்பட்டது. அக்காலத்திலேயே பிரித்தானியாவில் லெனர்ட் கோல்புறூக் என்பார், புண்ணிற் கிருமி சேர்வது விதியன்று, தடுக்கத்தக்கது என்று நிலைநாட்டினார். பெனிசிலின் களிம்பை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. கட்டு மாற்றும் அறையின் காற்றையும், கட்டுவோரின் கையையும் அவர் கவனித்தார்.

1965இல் கார்ல் மோயர் என்பாரும் உடனுழைத்தோரும் நூற்றுக்கு அரைப் பங்கு மட்டுமே கொண்ட சில்வர் நைத்திரேற்றுக் கரைசலிற் கட்டுத்துணியை நனைத்து வைத்தனர். முன்னாளிற் பத்து வீதக் கரைசலைப் பயன்படுத்திப் புண்ணையே சுட்டனர். அரை வீதம் கிருமியைக் கொன்றது, வளரும் தோலைக் கொல்லவில்லை. வெள்ளியின் அயன்கள் கிருமியின் புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலறச் செய்தலே இதன் இரகசியம். ஆயின் அது பட்ட துணி, கட்டில், தாதியரின் விரல் எல்லாம் கறுத்தன. அன்றியும், உடலிலுள்ள உப்பைக் கரைசல் வெளியே இழுத்துக்கொண்டது. அதே காலத்தில் அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் மஃபெனைட் என்னும் களிம்பைக் கையாண்டனர். அது தடித்த பட்டையையும் ஊடுருவிச் சென்றது. பல உயிர்களைக் காத்தது. பூசியபோது நோயாளி வலியால் துடித்தார் என்பதும் உண்மை.

இவ்விரண்டின் நற்பண்புகளையும் ஒன்றாக்க முயன்றவர் நியூயோர்க்கில் சார்ள்ஸ் ஃபொக்ஸ். வெள்ளியையும் சல்ஃபடயசீன் என்னும் மருந்தையும் இணைத்து அவர் ஆக்கிய சில்வர் சல்ஃபடயசீன் 1968இல் வெளிவந்தது. இலங்கை, இந்திய வைத்தியசாலைகளிற் பல்லாண்டுகளாக வழங்கிவரும் வெண்களிம்பு இதுவே. எரியாது, கறைபடுத்தாது, விலையும் மிகையன்று. இத்தனை நலமும் உடையதாயினும் இன்று இதன் புகழ் சற்றே மங்கியுள்ளது. மேலோட்டமான புண்ணில் இது தோல் வளர்வதைத் தாமதப்படுத்துகின்றது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சிளங் குழந்தைகளுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும், சல்ஃபா மருந்து ஒவ்வாதோருக்கும் இதனைத் தவிர்ப்பர். மேலும், பூசிய இடத்தில் மஞ்சள் கலந்த ஒரு படலம் தோன்றிப் புண்ணின் உண்மை நிலையை மறைத்துவிடும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கித் தடிப்பாகப் பூசிக்கொண்டு வைத்தியரிடம் செல்வோர், நல்ல மருந்தைத் தவறான நேரத்திற் பயன்படுத்தியவராகின்றனர்.

தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடர்ந்த சர்க்கரையினாற் கிருமியின் நீரை உறிஞ்சுதலும், புளிப்புத் தன்மையும், நொதியினாற் சிறிது சிறிதாக ஐதரசன் பெரொட்சைட்டை உண்டாக்குதலும் தேனின் இயல்புகள். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் சத்திர சிகிச்சை நிபுணர் எம். சுப்ரமண்யம் 104 நோயாளிகளிடம் தேனையும் வெண்களிம்பையும் ஒப்பிட்டு, 1991இல் முடிவை வெளியிட்டார். ஏழு நாளிற் கிருமி நீங்கிய புண்கள் தேன் பிரிவில் 91 வீதம். களிம்புப் பிரிவில் 7 வீதம். பின்வந்த தொகுப்பாய்வுகளும், நடுத்தர ஆழமுள்ள புண் தேனினாற் சில நாள் முந்தி ஆறுவதாகக் கூறுகின்றன. எனினும் அவ்வாராய்ச்சிகளுட் பல அளவிற் சிறியன. வைத்தியத்துக்கென விற்கப்படும் தேன் கதிர்வீச்சினால் தூய்மையாக்கப்பட்டது. சந்தைத் தேனிற் கிருமி வித்துகள் இருத்தல் கூடும் என்பதை மறக்கலாகாது. மும்பையிற் செய்த இன்னொரு முயற்சி சுவையானது: தூய்மையாக்கிய வாழையிலையைப் புண்ணின்மேல் விரித்துக் கட்டினர். இலை கிருமியைக் கொல்லவில்லை; ஆனால் புண்ணில் ஒட்டவுமில்லை. கட்டு மாற்றும்போது குழந்தை அலறாதிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியன்றோ?

வசதியுள்ள இடங்களில், பல நாள் சிறிது சிறிதாக வெள்ளியை விடும் கட்டுத்துணிகள் இன்று வந்துள்ளன. ஆழமான புண்ணுக்கோ களிம்பு ஒரு காவல்காரன் மட்டுமே. யூகோஸ்லாவியாவின் மரிபோர் நகரில் சோரா யான்செகோவிச் என்னும் பெண் வைத்தியர், வெந்த தோலைச் சில நாளுக்குள் வெட்டி நீக்கிப் புதுத்தோல் ஒட்டும் முறையை 1970இல் உலகுக்கு அறிவித்தார். கிருமி குடியிருக்கும் வீட்டையே அகற்றுவது அம்முறை.

இலங்கையில் மற்றொருவர் இதற்கும் முந்திய இடத்திற் கை வைத்தார். கவிழ்ந்த மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்குகளால் வெந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து வந்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் ‘சுதீப’ என்னும் விளக்கை அமைத்தார். குட்டையான, கனத்த கண்ணாடி; திருகு மூடி; கவிழ்ந்தாலும் உருளாதவாறு இரு பக்கம் தட்டை. 1998இல் உலகப் பரிசொன்றும் அதற்குக் கிடைத்தது. மின்சாரம் பரவிய பின் போத்தல் விளக்குகள் அருகின. ஆயின் 2021 இறுதியிற் சமையல் எரிவாயு வெடிப்புகள் நாடெங்கும் அச்சத்தை விளைத்தன. அடுத்த ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டினாற் பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின.

நோயுற்றவரைச் சென்று காண்பதை நற்செயலாகப் போற்றுவது இக்கரையின் பழக்கம். வெந்த புண்ணுடன் கிடப்பவரிடம் மட்டும் அப்பழக்கம் சற்று அடங்குதல் நன்று. சூடோமோனாஸ் பெரும்பாலும் கைகளின் வழியாகவே கட்டிலுக்குக் கட்டில் செல்கின்றது. காணச் செல்வோர் சவர்க்காரமிட்டுக் கை கழுவிச் செல்லலாம். கட்டைத் தொடாமலும் கட்டிலில் அமராமலும் ஸலாம் சொல்லித் திரும்பலாம்.

ஒரு பிள்ளை வெந்துவிட்டால் வீட்டார் செய்யத்தக்கவை சிலவே. உடையை நீக்குக, ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கற்க. வீங்குமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றுக. நீர் ஓடட்டும், மற்ற உடலைப் போர்த்திச் சூடாக வைக்க. கொப்புளத்தை உடையாது, தூய சீலையால் தளர்வாக மூடுக. ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று கூறும் அட்டையை உடன் எடுத்துச் செல்க. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வண்டி வரும். சாய்ந்தமருதிலிருந்து கல்முனையின் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை சில நிமிட வழியே. குழாயடியில் 20 நிமிடம் நின்றுவிட்டுப் புறப்பட்டாலும் நேரம் உண்டு.