மஞ்சள் அட்டை எங்கே?

நள்ளிரவு 2 மணி, மீனம்பாக்கம் விமான நிலையம். உகாண்டாவுக்கு ஊழியத்துக்குக் கிளம்பிய நாங்கள் 14 பேரும், சபை ஐயர் உட்பட, தரையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். துவையலுக்கென்று பெரியம்மா ஒளித்துவைத்த கொப்பரையை ஸ்கேனர் காட்டிக்கொடுத்தது. எண்ணெய்ச்சத்து மிகுந்தது, தீப்பற்றும் என்று தடை. “தேங்காய்க்கா ஐயா இந்தப் பாடு?” என்றார்.

பெரிய கலவரம் அதற்குப் பிறகுதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. இந்தக் காய்ச்சல் காமாலை அல்ல, கொசு பரப்பும் நோய். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அட்டை செல்லும். 2016 முதல் ஆயுளுக்கும் அந்த ஒரே ஊசி போதும். ஐயருடைய அட்டையைக் காணோம்! அரை மணி நேரம் தேடினோம். வேதாகமத்தில், சங்கீதப் பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்தார், மனுஷன்.

நீங்கள் போவதானால் அட்டையைப் பாஸ்போர்ட் உறையிலேயே வையுங்கள்.