சோறு போட்டுப் பாடம் சொன்ன சாமியார்

பண்ருட்டியிலிருந்து வடலூர் வழியாகச் சிதம்பரம் போயிருக்கிறீர்களா? வடலூரில் 1867ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்தவர்க்கெல்லாம் அங்கே உணவு உண்டு. அதே பாதையில் மேலும் சென்று சிதம்பரத்தில் இறங்கினால், நந்தனார் பள்ளி என்றால் யாரும் வழி சொல்வார்கள். அதைத் தொடங்கியவர் ஒரு துறவி. பெயர் சுவாமி சகஜானந்தர்.

ஆரணிக்கு அருகில் உள்ள சிற்றூரில் 1890ல் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. அக்காலத்தில் ஆதிதிராவிடப் பிள்ளைகளைப் பல பள்ளிகளில் சேர்க்கவே மாட்டார்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட விடமாட்டார்கள். என்ன கொடுமை! திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் முனுசாமி படித்தார். நன்றாகப் படிக்கும் பையன்தான். ஆனால் அங்கிருந்து வெளியேற நேர்ந்ததும் படிப்பு நின்றுபோனது. பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போனார். பிறகு துறவியாகிச் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

துறவி என்றால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் என்றுதானே நினைப்பீர்கள்? இவர் 1916ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார், பள்ளியும் திறந்தார்.

பள்ளி மட்டும் போதுமா? போதாது. கூலி வேலை செய்யும் வீட்டில் பத்து வயதுப் பையனும் மாடு மேய்ப்பான். அதற்குக் கிடைக்கும் கூழ்தான் அவன் சாப்பாடு. அவன் பள்ளிக்கு வந்துவிட்டால் கூழுக்கு எங்கே போவது? ஊரோ தொலைவு, நடந்தே வர வேண்டும். அதனால் பிள்ளைகள் தங்க இடமும், சாப்பிட உணவும் சேர்த்தே கொடுத்தார் சுவாமிகள்.

அது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? ஒரு கணக்குப் போடுவோம். (வாத்தியார் புத்தி போகாது!) விடுதியில் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேளைக்கு ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி. மூன்று வேளைக்கு 90 ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆக, நாளைக்குப் பதினொன்றே கால் படி! குழம்பு, விறகு, விளக்கு எண்ணெய், துணிமணி எல்லாம் தனி. இதற்காக நல்ல மனம் படைத்தவர்களிடம் நன்கொடை கேட்டார்.

வெறும் நன்கொடை மட்டும் போதாது, சட்டமும் மாற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சென்னை சட்டசபையில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்து, கல்விக்காகவும் கோயில் நுழைவுக்காகவும் பேசினார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு, 1950ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றதை அவர் கண்ணால் பார்த்தார். 1959ல் மறைந்தார்.

நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இன்று அரசு மேல்நிலைப் பள்ளிகள் சிதம்பரத்தில் நடக்கின்றன. தங்கிப் படிக்க இலவச விடுதிகளை அரசே நடத்துகிறது. 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். உங்கள் வகுப்பில் யாராவது வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னால், அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் அழைத்துப் போய் விடுதி பற்றிக் கேளுங்கள்.