உடைந்த குடத்து ஊர்

ஒருவன் தன்னிலும் கெட்டிக்காரனான இன்னொருவனிடம் ஏமாந்து வீடு திரும்பினால், "நன்றாகக் கும்பகோணம் பண்ணிவிட்டான்" என்று நொந்துகொள்கிற வழக்கம் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இன்றும் வயது முதிர்ந்தவர்களின் பேச்சில் அது எப்போதாவது தலைகாட்டுவதுண்டு. ஓர் ஊரின் பெயர் இப்படி ஒரு செயலுக்கே பெயராகிவிடுவது சாமானியமான கௌரவம் அன்று. அந்த வசை எங்கே பிறந்தது என்று ஆராய்ந்து காலத்தைப் போக்குவதைவிட, அவ்வூராரின் புத்திக் கூர்மைக்கு அயலூரார் செலுத்திய கப்பம் என்று அதை வைத்துக்கொண்டு மேலே செல்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓட, அவ்விரண்டு ஆறுகளும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலின்மேல் அமர்ந்திருக்கும் இந்த நகரத்தைத் தேவாரம் பாடியவர்கள் குடமூக்கு என்றார்கள். ஆழ்வார்கள் குடந்தை என்றார்கள். வடமொழியில் 'கோணம்' என்று நாம் எழுதுகிற அச்சொல்லுக்கு மூக்கு என்றும் ஒரு பொருள் உண்டாகையால், கும்பகோணம் என்பது குடமூக்கின் மறுபெயரே அன்றி வேறல்ல. அந்தக் குடத்தைப் பற்றி ஸ்தலபுராணம் சொல்லும் கதை யாவரும் அறிந்ததுதான். பிரளய காலத்தில் அமுதமும் சிருஷ்டி பீஜமும் அடங்கிய கும்பம் ஒன்று வெள்ளத்தில் மிதந்து வந்து இங்கே தங்கிற்று. சிவபெருமான் வேடனாக வந்து பாணம் எய்து அதை உடைத்தார். உடைந்த ஓடும் அமுதில் தோய்ந்த மணலும் சேர்ந்து லிங்கமாகி ஆதி கும்பேசுவரர் ஆயின. குடத்தின்மேல் இருந்த வில்வம் விழுந்த இடம் நாகேசுவரன் கோயில். தேங்காய் விழுந்த இடம் அபிமுகேசுவரர் கோயில். குடத்தைத் தாங்கிய உறி விழுந்த இடம் சோமேசுவரர் கோயில். சுற்றியிருந்த பூணூல் விழுந்த இடம் கௌதமேசுவரர் கோயில். பாணம் எய்யப்பட்ட இடத்துக்கும் பாணபுரீசுவரர் என்று ஒரு கோயில் உண்டு. ஏனைய ஊர்களில் தெய்வம் முழுமையாகத் தோன்றியது என்றே கதை தொடங்கும். இங்கேயோ ஒரு பாத்திரம் உடைந்து, அதன் துண்டுகள் விழுந்த இடமெல்லாம் தெருக்களும் சன்னிதிகளும் எழும்பி, ஊரே ஓட்டாஞ்சில்லிகளின் வரைபடமாக அமைந்துவிட்டது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு நடந்தால் இந்த நகரத்தில் பல சங்கதிகள் தாமாகவே விளங்கத் தொடங்குகின்றன.

கோயில்களை எல்லாம் விஸ்தரித்துச் சொல்ல இங்கே இடம் இல்லை. அவற்றுக்கென்றே வழிகாட்டி நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. நாகேசுவரன் கோயிலின் கருவறைச் சுவரில் முற்காலச் சோழச் சிற்பிகள் நிறுத்திவைத்திருக்கும் ஆண், பெண் உருவங்களின் அடக்கமான அழகையும், ரகுநாத நாயக்கர் எழுப்பிய ராமசாமி கோயிலில் ராமனும் சீதையும் பட்டாபிஷேகக் கோலத்தில் ஒரே ஆசனத்தில் வீற்றிருப்பதையும், சற்று மேற்கே தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் ரதமாகவே செதுக்கச் செய்த மண்டபத்தையும் பார்க்காமல் திரும்புகிறவர் நஷ்டப்பட்டவரே என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆனால் சாரங்கபாணி கோயிலில் சற்றே நின்று ஆகவேண்டும். நூற்று நாற்பது அடிக்கு மேல் உயர்ந்த ராஜகோபுரத்துக்காக அன்று. வீரநாராயணபுரத்தில் வாழ்ந்த நாதமுனிகள், இத்தலத்து ஆராவமுதன்மீது நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களை வழிப்போக்கர் சிலர் பாடக் கேட்டு, அவை ஆயிரத்தில் ஒரு பத்து என்று அப்பாட்டே தெரிவித்ததால் மற்றவை எங்கே என்று வினவி, அவர்களுக்குத் தெரியாதுபோகவே, தேடிப் புறப்பட்டுக் குருகூர் வரையில் சென்று, நாலாயிரம் பாசுரங்களையும் மீட்டுக்கொண்டு வந்தார் என்பது வைஷ்ணவ ஸம்பிரதாயம். சிதறிப்போன ஒரு பெரிய நூலின் ஒற்றைச் சில்லு இந்த ஊரின் பெயரைச் சுமந்திருந்தது. அந்தச் சில்லைக் கொண்டே முழுக்குடமும் கிடைத்தது.

சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து அதே காரியம் அதே ஊரில், இம்முறை ஒரு கல்லூரி ஆசிரியர் கையால், மறுபடி நடந்தது. 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற கும்பகோணம் அரசினர் கல்லூரி, போர்ட்டர் துரை, கோபால ராவ் போன்ற ஆசிரியர்களின் உழைப்பால் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர் பெற்றிருந்தது. காவிரிக் கரையில் அமைந்த அந்தக் கலாசாலைக்குப் பாலம் இல்லாத காலத்தில் பிள்ளைகள் வெள்ளம் வந்தால் படகிலும், கோடையானால் மணலில் இறங்கியும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறுகையில், தம்மைப் போலவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய சாமிநாதையரைச் சிபாரிசு செய்து, 1880இல் அந்த ஸ்தானத்தில் அமர்த்திவிட்டுப் போனார். அதே ஆண்டில் சேலம் ராமசாமி முதலியார் அவ்வூருக்கு முன்சீபாக வந்தார். மரியாதை நிமித்தம் காணச்சென்ற இளைய ஆசிரியர், தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, முதலியாரோ முகத்தில் வியப்பின் சாயலே இன்றிக் கேட்டிருந்துவிட்டு, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று வினவினார். அவற்றைச் சாமிநாதையர் கண்ணாலும் கண்டதில்லை. புண்பட்டு வெளியேறியிருக்கலாம், வேறு பல வித்துவான்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். இவரோ முதலியார் கொடுத்த கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து, பொருள் விளங்காத இடங்களில் தயங்கி நின்று, தாம் பழுத்த சைவர் என்ற எண்ணம் குறுக்கே வர இடங்கொடாமல், ஊரில் வாழ்ந்த சைனர்களின் வீடுகளைத் தேடிப்போய் அவர்கள் சமயத்தைக் கேட்டுப் படித்தார்.

ஏழு ஆண்டு உழைப்பின் பின் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறிற்று. தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அடுக்கடுக்காக வெளிவந்த பதிப்புக்களுக்கெல்லாம் ஆசிரியர் இருந்து பணிசெய்த ஊர் கும்பகோணமே. செல்லரித்த ஏடுகளையும் பாட பேதங்களையும் முறிந்த வரிகளையும் விளக்கின் முன்னே பரப்பிக்கொண்டு, இந்தத் துண்டு எந்த நூலின் உடல் என்று ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த அந்த மனிதரை, உடைந்த குடத்தைத் தெய்வமாகச் சேர்த்துப் பிடித்த ஊர் தன் புதல்வர்போலவே ஏற்றுக்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது. 1903இல் அவர் சென்னைக்கு மாற்றப்பட்டார்.

மறு ஆண்டு அதே கல்லூரியில், உபகாரச் சம்பளத்தோடு, ஒரு பையன் வந்து சேர்ந்தான். சிந்தாமணி அச்சான அதே 1887இல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்து, சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவன். தகப்பனார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. நகர உயர்நிலைப்பள்ளியில் பரிசுகள் வாங்கிய அந்த ராமாநுஜன், கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செலுத்த இயலாமல், கல்லூரியில் உபகாரச் சம்பளத்தையும் இழந்து, ஊரையும் விட்டு ஓடினான். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜுக்குத் தேறாதவனை அசல் கேம்பிரிட்ஜ் 1914இல் கப்பலேற்றி அழைத்துக்கொண்டது வேறு கதை. பரீட்சை என்ற யந்திரத்தின்மேல் எனக்கு அன்றும் இன்றும் பெரிய மதிப்பு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சிறிய ஓட்டு வீட்டின் திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்து, காகிதத்துக்குப் பணம் இல்லாமையால் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு எதிரே, தெருக்கோடியில், அந்தப் பெருங்கோபுரம் நின்றுகொண்டிருந்தது, இன்றும் நிற்கிறது. 1920இல் முப்பத்திரண்டு வயதில் மரிக்கும்வரை கடைசி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் சீமைக்குச் சென்று, யாருடைய கவனத்துக்கும் எட்டாமல் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில் டிரினிடி கல்லூரி நூலகத்தில் தென்பட்டன. தொலைந்துபோன நோட்டு என்றே அதற்கு இப்போது பெயர். கும்பகோணத்துக்காரர் எழுதினால் அது தொலைந்து கிடைப்பதுதான் முறை போலும்!

புதிய இலக்கியத்திலும் ஊர் பின்தங்கவில்லை. ந. பிச்சமூர்த்தியும் கு. ப. ராஜகோபாலனும் இவ்வூர்க்காரர்கள், கணிதம் படித்துவிட்டுக் கதை எழுத வந்த மௌனி இங்கே இருந்தவர், எம். வி. வெங்கட்ராம், பட்டுச் சரிகை வியாபாரத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஆயுளைப் பங்கிட்டுக்கொண்ட சௌராஷ்டிரர். தி. ஜானகிராமனின் மோகமுள்ளைப் படித்தவர்களுக்கு இந்த ஊரின் சந்துகள் பழகியவையாகவே தோன்றும்.

மேற்கே சில மைல் தொலைவில் சுவாமிமலை இருக்கிறது. தமிழ் வருஷங்கள் அறுபதும் பெயர் சூட்டி நிற்கும் அறுபது படிகள் ஏறி முருகனைத் தரிசித்துவிட்டு இறங்குகிற யாத்ரிகர்களில் பத்தில் ஒருவராவது ஸ்தபதிகளின் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அங்கே நடப்பது என்னவென்றால், தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் கூட்டிக் காய்ச்சி எடுத்த மெழுகில், தென்னங்கீற்றின் ஓலை ஒன்றைத் தாள அளவுக்கு மடித்து அளவுகோலாக வைத்துக்கொண்டு, முதலில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைச் சந்தனம்போல் இழைத்துப் பூசி நிழலில் உலர்த்தி, மேலும் மேலும் கனத்த மண்ணைப் பூசிக் கம்பியால் கட்டி, வறட்டி அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். மெழுகு உருகி ஓடிவிடுகிறது. உள்ளே வெறும் இடம், உருவத்தின் இன்மை, எஞ்சுகிறது. அந்த இன்மைக்குள் காய்ச்சிய உலோகத்தை வார்த்து, ஆறிய பிறகு மண்கூட்டை உடைத்தால் தெய்வம் வெளிப்படுகிறது. ஒரு கூட்டில் ஒரு விக்கிரகம்தான். இரண்டாவது வேண்டுமென்றால் மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்கியாக வேண்டும். பிறகு உளிவேலை மாதக்கணக்கில் நடக்கும். கண் திறப்பது கடைசியில். எதற்கு இந்த ஊரையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் அந்த வண்டல்தான்: விரல்ரேகையைக்கூட விட்டுவிடாமல் வாங்கிக்கொள்ளும் மென்மையும், உருக்கிய உலோகத்தின் சூட்டைத் தாங்கும் திடமும் அந்த மண்ணுக்கு உண்டு.

அதே வண்டலில்தான் அகத்திக் கொம்பைப் பற்றிக்கொண்டு கொடிக்கால் வெற்றிலை படர்கிறது. கும்பகோணம் கொழுந்து வெற்றிலை போட்டவன் வேறு ஊர் வெற்றிலையைச் சவைக்கும்போது முகம் சுளிப்பது இயற்கை. நாச்சியார்கோயிலில் அன்னப்பட்சி அமர்ந்த குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டு, நகரத்துக்குள் பித்தளைப் பாத்திரக் கடைகள் என்று தொழில்களுக்குக் குறைவில்லை. டிகிரி காப்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். பால்மானி வைத்துச் சோதித்த, தண்ணீர் கலவாத பாலில் போட்டதால் வந்த பெயர் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகிறேன். நெடுஞ்சாலைகளில், இவ்வூருக்கு நூறு மைலுக்கு அப்பாலும், பித்தளை டபராவைக் காட்டி அழைக்கும் பலகைகளின்கீழே கிடைப்பது வேறு பானம்.

குறையையும் சொல்லவேண்டும். ஜூன் 12ஆம் தேதியை நினைத்து மேட்டூரை நோக்கிக் காத்திருக்கும் ஊர் இது. கோடையில் பகவத் படித்துறையில் நின்றால் காவிரி மணலாகவும் புதராகவும்தான் தெரிகிறது. தெருவுக்குத் தெரு குளம் வெட்டிய முன்னோர்களின் ஊரில், நீர் வரத்துக் கால்கள் அடைபட்டுக் குப்பை மேடாகிய குளங்களைக் காணச் சகிக்கவில்லை. கூட்டத்தைச் சமாளிக்கும் சாமர்த்தியமும் எப்போதும் இருந்ததில்லை. 1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். அந்தத் தெருவழியே போகும்போது பெருமைகளைப் பேச நாக்கு எழுவதில்லை.

குரு சிம்ம ராசியில் இருக்க, மாசி மாதத்து மக நட்சத்திரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம், 2016க்குப் பிறகு இனி 2028இல் வரவிருக்கிறது. ஆறு ஏக்கர் பரப்புக் குளத்தில், உள்ளே இருபது தீர்த்தக் கிணறுகளும் சுற்றிலும் நாயக்கர் மந்திரி கோவிந்த தீட்சிதர் எழுப்பிய பதினாறு மண்டபங்களுமாக, பாரதத்தின் நதிகளெல்லாம் அன்று வந்து கூடுகின்றன என்பது நம்பிக்கை. நதிகளோடு ஜனங்களும் கூடிவிடுவதால், அன்று ஊரைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம். ஆகவே வாசகர்கள் அதற்கு முன்பே, ஐப்பசி மழைக்குப் பின் ஆற்றில் நீர் ஓடும் நாட்களில், நவக்கிரக யாத்திரை வண்டியில் வராமல் தனியே ரயிலேறி வந்து, இரண்டு நாள் தங்கிச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். சுவாமிமலைக்குப் போவதானால், உலோகம் வார்க்கும் நாள் எது என்று பட்டறையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.