வீட்டு மெக்கானிக் – 14: சுத்துது, சூடு வரல

இந்த வாரம் ரைஸ் குக்கரைத் திறப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கிள்ளானிலிருந்து அக்கா போன் செய்துவிட்டார். "தம்பி, டிரையர் சுத்துது, சூடுதான் வரல. ரெண்டு மணி நேரம் ஓடியும் துணி போட்டபடியே ஈரமா கெடக்கு."

தீபாவளிக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அக்டோபர், நவம்பரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வானத்தை நம்பிக் கொடியில் துணி போடுகிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவு. மூன்று, நான்கு மணிக்கெல்லாம் இடியோடு கொட்டிவிடும். ரைஸ் குக்கர் காத்திருக்கட்டும் என்று மல்ட்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து கொமுட்டர் பிடித்தேன்.

ரயிலில் உட்கார்ந்தபடியே பாதி வேலை முடிந்துவிட்டது. 'சுத்துது' என்று அக்கா சொன்ன ஒரு சொல் போதும். டிரம் சுற்றினால் மின்சாரம் வருகிறது, கதவு சுவிட்ச் சரி, மோட்டார் சரி, பெல்ட்டும் அறுந்துபோகவில்லை. மிச்சம் சூடு வரும் பாதை. அதில் பெரும்பாலும் மூன்றே பொருள்கள் வரிசையாக நிற்கும்: ஹீட்டர் காயில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அளவு மீறினால் ஒரேயடியாக அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ். (சில மாடல்களில் இந்த ஃபியூஸ் போனால் மோட்டாரும் நின்றுவிடும். அக்காவுடையது அந்த ரகமில்லை.)

வீட்டுக்குப் போனதும் அக்கா இன்னொன்றும் சொன்னார். "போன வருஷமும் இதே கதைதான். வந்த ஆளு பின்னாடி திறந்து என்னமோ மாத்திட்டு நூறு வெள்ளி வாங்கிட்டுப் போனாரு." இதைக் கேட்டதும்தான் எனக்கு மிஷின் மேலிருந்த சந்தேகம் குசினிச் சுவர் மேல் திரும்பியது.

2021 டிசம்பர் 18 வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தாமான் ஸ்ரீ மூடா தெருக்களில் சேறு பூசிய வாஷிங் மிஷின்களும் ஐஸ்பெட்டிகளும் குவிந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அக்கா வீட்டிலும் முழங்கால் வரை தண்ணீர். அதற்கப்புறம் அத்தான் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, டிரையரை வாஷிங் மிஷினுக்கு மேலே ஏற்றிவிட்டார். நல்ல யோசனைதான். ஆனால் பின்னாலிருக்கும் காற்றுக்குழாயை எங்கே விடுவது என்று யாரும் யோசிக்கவில்லை.

பிளக்கைக் கழற்றி, நானும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். தனியாள் செய்கிற வேலையில்லை இது. வெள்ளி நிறக் குழாய் சுவருக்கும் மிஷினுக்கும் நடுவே நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. உள்ளே கைவிட்டால் பஞ்சு, மெத்தை போல. கூடவே பஞ்சாபி சூட்டிலிருந்து உதிர்ந்த ஜிகினா, இரண்டு பல்லி முட்டை ஓடு.

ஐந்து கிலோ துணியைப் பிழிந்தெடுத்த பிறகும் அதில் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் ஒட்டியிருக்கும். ஒரு லிட்டரை ஆவியாக்கவே 0.6 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஆவி மொத்தமும் வெளியேற அந்த ஒரு குழாய்தான் வழி. வழி அடைத்தால் துணி காயாது. போக இடமில்லாத சூடு ஹீட்டர் பெட்டியிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் ஃபியூஸ் உயிரை விடும். போன வருஷம் வந்தவர் செத்ததை மாற்றினாரே தவிர, ஏன் செத்தது என்று குழாயை எட்டிப் பார்க்கவில்லை.

இருந்தாலும் அளக்காமல் எதையும் முடிவு செய்வதில்லை. பின்தகட்டைக் கழற்றி, ஹீட்டரின் ஒரு பக்க ஒயரை உருவிவிட்டு மீட்டரை வைத்தேன்: 27 ஓம். நம் ஊர் மின்சாரத்துக்கு 2,000 வாட் ஹீட்டர் 26க்கும் 29க்கும் நடுவே காட்ட வேண்டும், ஆக, சரி. தெர்மோஸ்டாட்டில் வைத்தால் 'பீப்'. ஆறிய நிலையில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். நகத்தளவே இருந்த தெர்மல் ஃபியூஸில் வைத்தேன். மீட்டர் வாய் திறக்கவில்லை.

அத்தான் மெதுவாகக் கேட்டார். "ஒரு கம்பியப் போட்டு நேரா இணைச்சிடலாமே? தீபாவளி வரைக்கும்தானே?"

நூறு பேரில் தொண்ணூறு பேர் கேட்கிற கேள்வி. அவருக்கு லண்டன் கதையைச் சொன்னேன். பிரிட்டனில் வர்ல்பூல் நிறுவனம் 2015-இல், தான் விற்ற டிரையர்கள் சிலவற்றில் பஞ்சு ஹீட்டரைத் தொட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக அறிவித்தது. 2016 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் அப்படிப்பட்ட டிரையரிலிருந்து தீ கிளம்பிப் பல மாடிகளுக்கு ஏறியது. 2019-இல் மிச்சமிருந்தவற்றைத் திரும்பப் பெறச் சொல்லி அரசு நெருக்கியது. கம்பி போட்டு இணைத்தால், பஞ்சு நிறைந்த பெட்டியில் கடைசிக் காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அர்த்தம். அத்தான் கம்பியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை புடுவில் ஜாலான் பசார். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிப்பாகம் தேடுகிற எவருக்கும் அந்தத் தெரு தெரியும். கடைக்காரர் ஃபியூஸை வாங்கிப் பார்க்கும் முன்பே, "பெராப்பா டார்ஜா, போஸ்?" என்றார். எத்தனை டிகிரி என்று கேட்கிறார். சரியான கேள்வி. உடம்பில் பொறித்திருக்கும் டிகிரியும் ஆம்பியரும் பழையதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். கூடுதல் டிகிரி போட்டால் தாங்கும் என்று நினைக்காதீர்கள். ஃபியூஸ் தாங்கும், வீடு தாங்காது.

சாயங்காலம் மறுபடி கிள்ளான். ஃபியூஸை மாட்ட ஐந்து நிமிடம், காற்றுப்பாதைக்கு இரண்டு மணி நேரம். டிரம்முக்குப் பின்னாலிருந்த பஞ்சைத் துடைத்தெடுத்தேன். நாக்கோ சன்னலில் ஒரு கண்ணாடியை உருவி, புதுக் குழாயைக் குட்டையாக, நேராக வெளியே விட்டோம். முனைக்குக் கொசுவலை போட வேண்டாமென்று தடுத்தேன், வலையில் பஞ்சு படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில், காற்று தள்ளினால் திறந்து, காற்று நின்றதும் மூடிக்கொள்ளும் மூடி ஒன்று. மிஷினை எக்ஸ்டென்ஷன் ஒயரிலிருந்து எடுத்து நேரே சுவர் பிளக்கில் மாட்டினேன். எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற பண்டத்தை மெல்லிய ஒயரில் மணிக்கணக்காக ஓட விடக் கூடாது.

சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தேன். வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளங்கையில் பலமாக மோதியது. ஐம்பது நிமிடத்தில் அத்தானின் இரண்டு வேட்டியும் பிள்ளைகளின் துவாலைகளும் காய்ந்து வந்தன.

அக்கா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி. பல்லி இனிமே எங்கடா முட்டை போடும்?"

அடுத்த வாரம் கண்டிப்பாக ரைஸ் குக்கர்.