கிரிப்டோவுக்குத் திரை போட முடியுமா? தொழில்நுட்பம் ரெடி... தடுப்பது எது?

டீக்கடையில் 15 ரூபாய்க்கு ஜிபே செய்கிறீர்கள். கடைக்காரரின் ஸ்பீக்கர் தொகையைச் சொல்கிறது. அவருக்குத் தெரிவது உங்கள் பெயரும் அந்த 15 ரூபாயும்தான். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, போன மாதம் யாருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

அதே டீக்கான பணத்தை எத்தீரியம் வாலட்டிலிருந்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இப்போது கதையே வேறு. பணம் வந்த முகவரியை, எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ‘பிளாக் எக்ஸ்ப்ளோரர்’ தளத்தில் போட்டால் போதும். அந்த முகவரியில் உள்ள மொத்த இருப்பு, இதுவரை வந்தது, போனது எல்லாம் தேதி, நேரத்தோடு வந்து நிற்கும்.

கிரிப்டோ என்றாலே ரகசியப் பணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், உலகிலேயே அதிகம் வெளிச்சத்தில் இருக்கும் கணக்குப் புத்தகம் அதுதான். இந்த வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா? அந்த முயற்சிகள் எந்த அளவில் இருக்கின்றன?

பெயர் இல்லையே, பிறகு என்ன பயம்?

2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினில் பெயர் கிடையாது, முகவரி மட்டும்தான். ஆனால் அது புனைபெயர் மாதிரி. ஒருமுறை ‘இது இன்னார்’ என்று தெரிந்துவிட்டால், பழைய கணக்கு முழுவதும் அவர் பெயரில் வந்து விழும். எக்ஸ்சேஞ்சில் கே.ஒய்.சி. கொடுத்தாலே அந்த முடிச்சு விழுந்துவிடுகிறது.

2016-ல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 1.2 லட்சம் பிட்காயின்கள் திருடப்பட்டன. அமெரிக்க அதிகாரிகள் பிளாக்செயினில் பதிந்திருந்த தடத்தை விடாமல் பின்தொடர்ந்தனர். 2022 பிப்ரவரியில் 94,000-க்கும் அதிகமான பிட்காயின்களை மீட்டனர். அன்றைய மதிப்பு சுமார் 360 கோடி டாலர். திருடர்களைப் பிடிக்க இந்த வெளிச்சம் உதவியது உண்மை. அதே வெளிச்சத்தில்தான் சாதாரண ஆட்களும் நிற்கிறார்கள்.

‘தப்பு செய்யாதவனுக்கு ரகசியம் எதுக்கு?’

ஒருவர் வெளிநாட்டு கிளையன்டிடம் கிரிப்டோவில் சம்பளம் வாங்குகிறார் என்றால், மற்ற கிளையன்ட்டுகள் அவருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதையும் இவர் பார்க்க முடியும். பேரம் பேச இது போதாதா? ஒரு நிறுவனம் சப்ளையருக்குப் பணம் அனுப்பினால், போட்டியாளர் அந்தத் தொகையைக் கணக்கெடுக்க முடியும்.

உயிருக்கே ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் பிரான்ஸில் லெட்ஜர் நிறுவனத்தின் இணை நிறுவனர் கடத்தப்பட்டார். கிரிப்டோவில் பணம் கேட்டு மிரட்டிய கும்பல், அவரது விரலைத் துண்டித்தது. அதே ஆண்டு மே மாதம், தங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரின் பெயர், வீட்டு முகவரி, கணக்கு இருப்பு ஆகியவை திருடப்பட்டதாக காயின்பேஸ் அறிவித்தது. இப்படிக் கசியும் பட்டியலும் பிளாக்செயினும் சேர்ந்தால், யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று குற்றவாளிகளுக்கு வழிகாட்டி கிடைத்த மாதிரிதான்.

தொழில்நுட்பம் எங்கே நிற்கிறது?

மறைக்க வேண்டியவை மூன்று: அனுப்புபவர், பெறுபவர், தொகை. 2014-ல் வந்த மொனேரோவில், உண்மையான அனுப்புநர் வேறு சிலரின் பதிவுகளோடு கலந்துவிடுவார். பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய, ஒருமுறை முகவரி உருவாகும். 2017 முதல் தொகையையும் மறைக்கிறார்கள்.

2016 அக்டோபரில் வந்த ஜீகேஷ் வேறு வழியில் போனது. அதன் பெயர் ‘ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப்’. பிறந்த தேதியைச் சொல்லாமலே ‘எனக்கு 18 வயது ஆகிவிட்டது’ என்று நிரூபிக்க முடிந்தால் எப்படி இருக்கும்? அது மாதிரி, ‘என்னிடம் பணம் இருக்கிறது, அதை இரண்டு முறை செலவழிக்கவில்லை’ என்பதை எந்த எண்ணையும் காட்டாமல் கணித ரீதியில் நிரூபிக்கலாம்.

ஆரம்பத்தில் இது பெரிய சுமை. இப்படி ஒரு பரிவர்த்தனையை உருவாக்கவே கணினிக்கு 3 ஜி.பி.க்கு மேல் மெமரி தேவைப்பட்டது. 2018 அக்டோபரில் வந்த ‘சாப்ளிங்’ மேம்பாடு அதைச் சுமார் 40 எம்.பி.யாகக் குறைத்தது. சில விநாடிகளில், மொபைலிலேயே வேலை முடிகிறது. ஆக, கணிதம் தயார்.

அப்புறம் ஏன் பிட்காயினில் சேர்க்கவில்லை?

முதல் தடை, கணக்குத் தணிக்கை. பிட்காயின் மொத்தம் 2.1 கோடிக்கு மேல் போகாது என்பதை இன்று எவரும் கூட்டிப் பார்க்கலாம். தொகையை மறைத்துவிட்டால், அப்படி நேரடியாகக் கூட்ட முடியாது. மறைக்கும் கணிதத்தைத்தான் நம்ப வேண்டும்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2010 ஆகஸ்ட்டில் பிட்காயின் மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் 18,000 கோடிக்கும் அதிகமான பிட்காயின்கள் திடீரென முளைத்தன. தொகை எல்லோர் கண்ணிலும் பட்டதால் சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் ஜீகேஷிலும் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தி யாராவது கள்ளக் காசு அடித்திருந்தால் வெளியே தெரிந்திருக்காது. அக்டோபரில் சத்தமில்லாமல் சரிசெய்து, 2019 பிப்ரவரியில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். யாரும் அதைப் பயன்படுத்தியதற்கான அறிகுறி கிடைக்கவில்லை என்றார்கள். ஆனாலும் பிட்காயின் ஆதரவாளர்கள் தயங்குவதற்கு அந்த ஒரு சம்பவம் போதும்.

இரண்டாவது தடை, எக்ஸ்சேஞ்சுகள். 2022 மே மாதம் லைட்காயின், தொகையை மறைக்கும் வசதியைச் சேர்த்தது. விரும்பினால் மட்டும் பயன்படுத்தலாம், கட்டாயமில்லை. அடுத்த மாதமே தென் கொரியாவின் அப்பிட், பிதம்ப் எக்ஸ்சேஞ்சுகள் லைட்காயினைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டன. 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் மொனேரோவை நீக்கியது. 2027 ஜூலை 10 முதல், இப்படி முழுமையாக மறைக்கும் நாணயங்களைக் கிரிப்டோ நிறுவனங்கள் கையாள ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி தடை விதிக்கிறது. ரகசிய வசதி சேர்த்தால் சந்தையே போய்விடும் என்றால், எந்த நெட்வொர்க் துணியும்?

மூன்றாவது, கூட்டம். திருவிழாவில் எல்லோரும் முகமூடி போட்டால் ஆளை அடையாளம் காண முடியாது. ஒரே ஒருவர் போட்டால், எல்லோர் பார்வையும் அவர் மேல்தான். ரகசியத்தை ‘விருப்பத் தேர்வாக’ வைத்த நெட்வொர்க்குகளில் நடப்பது இதுதான். பயன்படுத்துபவர் குறைவு என்பதால் பாதுகாப்பும் குறைவு.

இத்தனைக்கும் பிட்காயினில் விதியை மாற்ற ஒரு தலைமை கிடையாது. பெரிய எதிர்ப்பே இல்லாத ‘டேப்ரூட்’ மேம்பாடுகூட 2018-ல் முன்மொழியப்பட்டு 2021 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

கோடு எழுதினால் சிறையா?

எத்தீரியத்தில் பணத்தின் தடத்தைக் கலைக்கும் ‘டொர்னாடோ கேஷ்’ மென்பொருளுக்கு 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்க நிதித் துறை தடை விதித்தது. 2019 முதல் 700 கோடி டாலருக்கு மேல் அதன் வழியாக வெள்ளையாக்கப்பட்டதாகவும், வட கொரிய ஹேக்கர்கள் அதைப் பயன்படுத்தியதாகவும் குற்றம்சாட்டியது. யாராலும் மாற்ற முடியாத மென்பொருள் ஒருவரின் ‘சொத்து’ ஆகாது என்று 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல, 2025 மார்ச்சில் தடை நீங்கியது.

ஆனால் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரோமன் ஸ்டார்ம் தப்பவில்லை. உரிமம் இல்லாமல் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்தார் என்று 2025 ஆகஸ்ட்டில் ஜூரி தீர்ப்பளித்தது. பணமோசடிக் குற்றச்சாட்டில் ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. மென்பொருள் தடையிலிருந்து தப்பியது, எழுதியவர் மாட்டிக்கொண்டார். இந்தத் துறையில் இறங்க நினைக்கும் இளம் டெவலப்பர்கள் யோசிப்பது இதனால்தான்.

சரி, அடுத்து என்ன வரும்?

நெட்வொர்க் விதியையே மாற்றும் பெரிய மேம்பாடு பிட்காயினில் இப்போதைக்கு வருவது கடினம். அனுமதி தேவைப்படாத சின்ன மாற்றங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒன்று, ‘சைலன்ட் பேமென்ட்ஸ்’. ஒரே முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சிட்டுக்கூடக் கொடுக்கலாம். ஆனால் பிளாக்செயினில் ஒவ்வொரு முறையும் வேறு முகவரியில் பணம் விழும். இதற்கு நெட்வொர்க்கை மாற்ற வேண்டாம், வாலட்டை மாற்றினால் போதும். ஒரு சிக்கல்: தனக்கு வந்த பணத்தைக் கண்டுபிடிக்க வாலட் நிறைய பதிவுகளைத் தேட வேண்டும். மொபைலுக்கு இது கொஞ்சம் பாரம்.

இன்னொன்று, ‘பேஜாயின்’. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் காசும் ஒரே பரிவர்த்தனையில் கலக்கும். இதனால், ‘உள்ளே போன காசெல்லாம் ஒருவருடையது’ என்று துப்பறியும் நிறுவனங்கள் போடும் கணக்கு தப்பாகும்.

மூன்றாவது, நடுவழி. 2025 மார்ச்சில் எத்தீரியத்தில் வந்த ‘பிரைவசி பூல்ஸ்’, பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாமலே, ‘இது திருட்டுப் பணப் பட்டியலில் இல்லை’ என்று நிரூபிக்க வழி செய்கிறது. ஜீகேஷில் உள்ள ‘வியூயிங் கீ’யைக் கொடுத்தால், ஆடிட்டர் மட்டும் கணக்கைப் பார்க்கலாம். அரசுகள் ஏற்றுக்கொள்ள வாய்ப்புள்ள பாதை இதுதான்.

இந்தியாவில் 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே எந்த மேம்பாடு வந்தாலும் எக்ஸ்சேஞ்சுக்கு உங்களைத் தெரியும். 30 சதவீத வரியும் தப்பாது. இந்த மேம்பாடுகள் மறைப்பது பக்கத்து ஆளிடமிருந்துதான், வருமான வரித் துறையிடமிருந்து அல்ல.

கடைசியாக ஒன்று. எந்த மேம்பாடும் பின்னோக்கி வேலை செய்யாது. இதுவரை பதிவான பரிவர்த்தனைகள் அழியாது. திரை வந்தாலும் இனி நடப்பதற்கு மட்டும்தான். அதுவரை, பணம் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் புதிய முகவரி கொடுப்பதும், வாலட் முகவரியைச் சமூக ஊடகத்தில் போடாமல் இருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.