மாட் உங்களுடையது, கேம் யாருடையது?

'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' கேமில் ஓடுவது இந்தோனேசியச் சாலை. அந்தச் சாலையில், முகப்பில் 'மதுரை' என்று பலகை மாட்டிய நம் ஊர்ப் பேருந்தை ஓட்டிப் பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். அந்தப் பேருந்தைக் கேம் நிறுவனம் செய்து தரவில்லை. நம் இளைஞர் ஒருவர் இரவெல்லாம் கண் விழித்து, முன்கண்ணாடியின் வளைவு முதல் படிக்கட்டுக் கம்பி வரை ஒவ்வொன்றாக வடித்து, இலவசமாகப் பகிர்ந்தது அது. ஒரு கேமில் வெளியார் செய்து சேர்க்கும் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு 'மாட்' என்று பெயர். செய்பவர் மாடர்.

இந்த உழைப்பைப் பார்க்கையில் பெருமையாக இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது. சட்டத்தின் முன் தங்கள் நிலை என்ன என்று பல மாடர்கள் யோசிப்பதே இல்லை. 'உங்கள் ஃபைல் நீக்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்த பிறகு யோசித்துப் பயன் குறைவு.

ஒரு ஃபைலுக்குள் எத்தனை சொந்தக்காரர்கள்?

அந்தப் பேருந்து மாடையே பிரித்துப் பார்ப்போம். வெளிக்கூடு மாடர் தானே வரைந்தது. சக்கரம் வேறொரு மாடரின் பழைய பேருந்திலிருந்து எடுத்தது. இருக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மாடல். ஆனால் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று இருக்கிறது. ஹாரன் ஒரு சினிமாப் பாட்டு. அதன் உரிமை இசை நிறுவனத்திடம். பக்கவாட்டில் தயாரிப்பு நிறுவனத்தின் வணிகச் சின்னம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கேம். அது இந்தோனேசிய நிறுவனத்தின் சொத்து.

ஒரே ஒரு ஃபைல், ஆறு சொந்தக்காரர்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்கு எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொருள் இல்லை. 'நான் காசு வாங்கவில்லையே' என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

நீதிமன்றம் சொன்னது

1996இல் வெளிவந்த 'டியூக் நியூகெம் 3டி' கேமுடன், புதிய நிலைகளை உருவாக்கும் எடிட்டரும் வந்தது. ரசிகர்கள் அதைக் கொண்டு நிலைகளை உருவாக்கி இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்தார்கள். அவற்றில் 300 நிலைகளைத் திரட்டிச் சிடியில் போட்டு விற்றது மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம். வழக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1998இல் தீர்ப்பு வந்தது. அந்த ஃபைல்களில் கேமின் படம் ஒன்றுகூட இல்லை. எதை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே. ஆனாலும் அவை டியூக்கின் கதையைத் தொடரும் வழிப்படைப்புகள், அந்த உரிமை மூலப் படைப்பாளருக்கே என்றது நீதிமன்றம். எடிட்டரின் உரிமமும் இலவசமாகப் பகிர மட்டுமே இடம் கொடுத்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கின் இரு தரப்பிலும் நிறுவனங்கள்தான். அந்த 300 நிலைகளையும் உருவாக்கிய ரசிகர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆபத்து வரும் மூன்று திசைகள்

முதலாவது, கேம் நிறுவனம். ஜிடிஏ கேம்களுக்கு மாட் செய்ய உதவும் 'ஓப்பன்ஐவி' கருவியை நிறுத்தச் சொல்லி 2017இல் அந்தக் கேம்களை வெளியிடும் டேக்-டூ நிறுவனம் கடிதம் அனுப்பியது. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு, பிறர் உரிமையை மதிக்கிற, வணிக நோக்கமில்லாத, ஒருவர் மட்டும் ஆடும் கேமுக்கான மாட்கள் மீது பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்ற அறிவிப்பு வந்தது. அதே நிறுவனம் 2021இல், பழைய ஜிடிஏ கேம்களின் நிரலை மறுகட்டமைத்து வெளியிட்டவர்கள் மீது வழக்கே தொடுத்தது. இன்றைய பொறுமை நாளைய அனுமதி ஆகிவிடாது.

இரண்டாவது, ஒப்பந்தம். கேமை நிறுவும்போது படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோமே, அந்த உரிம ஒப்பந்தம். 2020இல் 'வார்கிராஃப்ட் 3' மறுபதிப்பு வந்தபோது, அதில் ரசிகர்கள் உருவாக்கும் கேம்கள் பிளிசார்ட் நிறுவனத்துக்கே சொந்தம் என்று விதி எழுதப்பட்டது. பழைய வார்கிராஃப்ட் 3இல் ரசிகர்கள் உருவாக்கிய மாட் ஒன்றிலிருந்துதான் 'டோட்டா' என்ற பெரும் கேம் தொடர் பிறந்தது. அந்தப் பெயர் யாருக்கு என்று வால்வ் என்ற கேம் நிறுவனமும் பிளிசார்டும் மோதி, 2012இல் சமரசம் செய்துகொண்டன.

மூன்றாவது, சக மாடர்கள். 2015 ஏப்ரலில் கேம் விற்கும் ஸ்டீம் தளம் 'ஸ்கைரிம்' கேமின் மாட்களை விற்க வழி திறந்தது. விலையில் 25 சதவீதம் மாடருக்கு. சில நாட்களிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள், இன்னொருவர் இலவசமாகத் தந்த அனிமேஷன் கருவியை நம்பியிருந்த மாட் ஒன்று விற்பனைக்கு வந்து, சர்ச்சையாகி, விலக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, மைன்கிராஃப்ட் சர்வர்களை இயக்கிய 'கிராஃப்ட்பக்கிட்' மென்பொருளில் தன் பங்களிப்பை நீக்கச் சொன்னார் அதன் நிரலாளர் ஒருவர். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் தான் எழுதியதை மைன்கிராஃப்டின் மூடிய நிரலோடு கலந்து வெளியிடுவது உரிம மீறல் என்பது அவர் வாதம். மென்பொருள் முழுவதுமே விநியோகத்திலிருந்து விலக்கப்பட்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்கப்படுகிறது. சட்டபூர்வமாக வாங்கிய பிரதியிலிருந்து, வணிக நோக்கமின்றிச் சொந்தப் பயனுக்காக நிரலை நகலெடுக்கவும் மாற்றியமைக்கவும் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராயவும் அதே பிரிவில் வழி உண்டு. சுருங்கச் சொன்னால், உங்கள் கணினிக்குள் செய்வதற்குச் சட்டம் தாராளமாக இருக்கிறது. ஊருக்குப் பகிரும்போதுதான் அனுமதி தேவைப்படுகிறது. திருட்டுப் பிரதியில் மாட் செய்பவருக்கு இந்த முதல் பாதுகாப்பும் கிடையாது.

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காகச் செய்யப்படாத மீறலில் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். உரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் 65ஏ பிரிவு பாயும். 2 ஆண்டு வரை சிறை.

இதே சட்டம் மாடருக்கும் கவசம். நீங்களே வரைந்த மாடல், நீங்களே எழுதிய நிரல், நீங்களே பதிவு செய்த ஒலி ஆகியவற்றின் பதிப்புரிமை அவை உருவான நொடியிலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிப்புரிமையைப் பதிவு செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. செய்தால் நல்ல சான்று. உங்கள் படைப்பு என்று பெயர் கோரும் உரிமையை 57ஆவது பிரிவு தருகிறது.

செய்ய வேண்டியவை

தொடங்கும் முன்: கேமின் உரிம ஒப்பந்தத்தில் மாட் பற்றிய பகுதியையாவது படியுங்கள். 'மாட் செய்யலாம், விற்கக் கூடாது' என்பது மைன்கிராஃப்டின் நிலை. ஒவ்வொரு கேமுக்கும் விதி வேறு. பிறர் பொருளை எடுத்தால் அனுமதியை எழுத்தில் வாங்கி, ஸ்கிரீன்ஷாட்டோடு பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல் பின்னால் உதவாது.

வெளியிடும்போது: மாடோடு சேர்க்கும் ரீட்மீ குறிப்பு ஃபைலில் எந்தப் பகுதி யாருடையது, என்ன உரிமம், மற்றவர் எதைச் செய்யலாம் என்று எழுதுங்கள். மூல ஃபைல்களைத் தேதியோடு காப்பாற்றி வையுங்கள்.

உங்கள் மாட் திருடப்பட்டால்: ஆத்திரத்தில் வசைபாடாதீர்கள். முகவரி, தேதி, ஒப்பீட்டுப் படங்களைச் சேகரித்து, அந்தத் தளத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்புங்கள். இந்திய விதிப்படி முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அணுகலைத் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் தடை விலகிவிடலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

உங்களுக்கு நோட்டீஸ் வந்தால்: முதலில் நிதானமாகப் படியுங்கள். சுட்டிக்காட்டப்பட்ட பகுதி உண்மையிலேயே பிறருடையது என்றால் நீக்கிவிட்டுத் திருத்திய பதிப்பை வெளியிடுங்கள். புகார் தவறு என்றால், அமெரிக்கத் தளங்களில் அந்நாட்டின் டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டப்படி எதிர் அறிவிப்பு தரலாம். புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் ஃபைல் திரும்ப வரும். ஆனால் அந்த அறிவிப்பில் அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்தை ஏற்றுக் கையெழுத்திடுகிறீர்கள். மேலே சொன்ன ஜிடிஏ நிரலாளர்கள் எதிர் அறிவிப்பு கொடுத்த பிறகே வழக்கைச் சந்தித்தார்கள். ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

1999இல் 'ஹாஃப்-லைஃப்' கேமின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் செய்த மாட்தான் 'கவுண்டர்-ஸ்டிரைக்'. அடுத்த ஆண்டே வால்வ் அதன் உரிமையை வாங்கி, அவர்களையும் சேர்த்துக்கொண்டது. நம் இளைஞர்களின் கைத்திறனும் அந்த இடத்துக்குப் போகக்கூடியதுதான். விலைபேச யாராவது வரும் நாளில் முதலில் கேட்கும் கேள்வி, 'இதில் உங்களுடையது எது?' என்பதாகவே இருக்கும். அதற்கான பதிலை இன்றைக்கே உங்கள் ரீட்மீ ஃபைலில் எழுதி வையுங்கள்.