கலங்கிய தண்ணீரில் நாரை மீன் பிடிப்பது எப்படி? கண் இல்லை, அலகுதான் ரகசியம்!

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, இரை தேடுறதைப் பார்த்திருக்கீங்களா? கொக்கு மாதிரி அசையாம நின்று குறி பார்க்காது. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறும். மிரண்டு ஓடும் மீன் அலகில் பட்டால் போதும், 'டக்'குனு மூடிவிடும்.

எவ்வளவு வேகம்? இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரை அலகை மூட எடுத்துக்கொள்வது வெறும் 25 மில்லி விநாடி. நாம கண் சிமிட்டுவதற்குள் மீன் காலி!

கண்ணை நம்பும் கொக்குக்கு வேறு சிக்கல். ஒளிவிலகலால், தண்ணீருக்குள் இருக்கும் மீன் சற்று மேலே இருப்பதுபோல் தெரியும். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துதான் கொத்துகிறது.

ஆனால் இரண்டுக்குமே கால் எட்டும் ஆழம்தான் எல்லை. கோடையில் ஏரி வற்ற வற்ற, மீன்கள் குட்டைகளில் நெருங்கும். அப்போதுதான் நல்ல வேட்டை. தூர்வாருகிறோம் என்று ஏரி முழுக்க ஒரே ஆழமாகத் தோண்டி, சரிவான கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கதை வேறு. தண்ணீர் இருக்கும், மீனும் இருக்கும், நாரைக்கு நிற்க இடம் இருக்காது.